மார்ஃபின் சீட்டோடு வருபவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். போதைக்காக இளைஞர்கள் வலி மாத்திரை கேட்டு வருவதால், டிராமடால் வாங்கி வைப்பதையே முதலாளி நிறுத்திவிட்டார். போன வாரம் ஒருவர் மார்ஃபின் என்ற கடும் வலி மருந்துக்கான சீட்டோடு வந்து, "அண்ணாச்சி, அம்மாவுக்குப் புற்றுநோய். ராத்திரி முழுக்கத் தூங்கல" என்றார். எங்களிடம் இல்லை என்று அனுப்பிவிட்டேன். வேறென்ன செய்திருக்க முடியும்?

பதில்: நிறைய செய்திருக்கலாம். மார்ஃபின் பெரும்பாலான சில்லறைக் கடைகளில் இருக்காது. 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வாங்கி வைத்து நோயாளிகளுக்குத் தருவது எளிதாகியிருக்கிறது. அதனால் சீட்டு எழுதிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் கேட்கச் சொல்லுங்கள். அங்கே இல்லையென்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் விசாரிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்கள். வலியில் துடிப்பவரை வீட்டில் விட்டுவிட்டு மகன் பஸ் ஏறி அலையக் கூடாது. படுத்த படுக்கையாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவைக்கச் சொல்லலாம். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலித்தணிப்புச் சிகிச்சை தருவதும் உண்டு.

மார்ஃபினை எங்கே வாங்கினாலும், மற்ற மருந்துகளுக்கு அந்தக் குடும்பம் உங்கள் கடைக்குத்தான் வரும். உங்கள் வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. மார்ஃபின் சாப்பிடும் ஏறக்குறைய எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும். நான்கு நாள் வயிறு போகாமல் தவித்ததும், "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள். திடீரென நிறுத்தினால் வலி திரும்புவதோடு உடம்பும் படுத்திவிடும். ஆகவே சீட்டில் மலமிளக்கி இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு முதல் நாளே தொடங்கச் சொல்லுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையை வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தருவார்கள். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மெல்லக் கரையும் வகையை விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுத்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் ஏறி ஆபத்தாகிவிடும். தூக்கத்துக்கு அல்பிரசோலம் எடுக்கிறார்களா, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் டாக்டருக்குத் தெரியவேண்டும். எழுப்பியும் விழிக்காமல், மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் உடனே 108. "அடிமையாகிடுவாங்களோ?" என்ற பயத்துக்கு, புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் அப்படி ஆவது அரிது என்று தைரியமாகச் சொல்லலாம்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் கழுத்து, இடுப்பு வலி வேறு கதை. "நல்லா கேட்கிற மாத்திரையா குடுங்க" என்பார்கள். அதற்கு டிராமடால் விடையல்ல. டைக்ளோஃபினாக்கைத் தினமும் எடுத்தால் சிறுநீரகம் கெடலாம். பாராசிட்டமால் கொடுத்து, அதே அரசுத் திட்டத்தில் பிசியோதெரபி உண்டென்று சொல்லுங்கள்.

சரி, முதலாளி விஷயத்துக்கு வருவோம். டிராமடாலை முழுக்க நிறுத்தினால் எலும்பு முறிந்தவரும் அறுவைசிகிச்சை முடிந்தவரும்தான் கஷ்டப்படுவார்கள். 2018 முதல் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 பட்டியலிலும் இருக்கிறது. கொஞ்சமாக வாங்கிப் பூட்டி வையுங்கள். டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறவேண்டும், பதிவேடு மூன்று வருஷம் இருக்கவேண்டும். கொடுத்த அளவையும் தேதியையும் சீட்டிலேயே எழுதிக் கடை முத்திரை குத்திவிட்டால் அதே சீட்டு அடுத்த கடைக்குப் போகாது. சீட்டில் டாக்டரின் பதிவு எண் இல்லையா, தேதி திருத்தியிருக்கிறதா? கிளினிக்குக்கு ஒரு போன் போதும்.

சீட்டில்லாமல் வரும் பையன்களுக்கு மாத்திரை கிடையாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் திட்டி விரட்டாதீர்கள். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் அதிலுள்ள மாவுப்பொருள் ரத்தக்குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சியும் தொற்றும். இதை நேருக்கு நேர் சொல்ல அவர்களுக்கு வேறு ஆள் இருக்காது. போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446-ஐ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.