முதலாளி சொல்லச் சொல்லும் பொய்

கேள்வி: டீச்சர், கொடைக்கானல் ஏரிச் சாலையில் ஒரு கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். வயது 21. சாக்லேட், தைலம், மசாலா சாமான், மலைப்பூண்டு எல்லாம் விற்கிறோம். பூண்டில் பாதி மூட்டை கீழேயிருந்து லாரியில் வருவது. ஆனால் கேட்பவர்களிடம் "எல்லாமே பூம்பாறைப் பூண்டு" என்று சொல்லச் சொல்கிறார் முதலாளி. மனசு உறுத்துகிறது. அப்பாவுக்கு வேலை இல்லை, தங்கை கல்லூரியில் படிக்கிறாள். நேர்மை, ஒழுக்கம் எல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு மட்டும்தானா?
- பெயர் வேண்டாம், மூஞ்சிக்கல்

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லை.

என் அப்பாவும் சித்தப்பாவும் பூம்பாறையில் பூண்டு போட்டவர்கள். வயிறு நிறைந்த வருடங்கள் எங்கள் வீட்டில் குறைவு. விதைப்பூண்டு கடன் வாங்கித்தான் நடுவார்கள். எந்த வருடமும் பூண்டைப் பிடுங்கியதும் முதலில் அந்தக் கடன்தான் போகும், அப்புறம்தான் வீட்டுச் செலவு. "அவன் பூண்டில்தானே நம் காடு முளைத்தது" என்பார் அப்பா. அவர் எந்த நீதிநெறி வகுப்பிலும் உட்கார்ந்தவர் இல்லை.

நீ சொல்லும் பொய் டூரிஸ்டோடு முடிந்துவிடுவதாக நினைக்காதே. மலைப்பூண்டு எப்படி வருகிறது என்று உனக்கே தெரியும். சரிவில் படி படியாக வெட்டிய நிலத்தில், குளிரில் மாதக்கணக்கில் வளர்கிறது. பிடுங்கிய பிறகு தாளோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டு, கீழே புகை போடுகிறார்கள். அந்தப் புகையால்தான் பல மாதம் கெடாமல் நிற்கிறது. இந்தப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்ற பெயர் அதை விளைவிப்பவர்களின் சொத்து. உன்னிடம் வாங்கிய மதுரைக்காரர் வீட்டுக்குப் போய் உரித்துப் பார்த்து, "கொடைக்கானல் பூண்டா, எல்லாம் ஏமாற்று" என்று நாலு பேரிடம் சொல்வார். நஷ்டம் உன் கடைக்கு வராது. உன் கடையைக் கண்ணால்கூடப் பார்க்காத, மலைமேல் மன்னவனூரில் பூண்டு போடும் பெண்ணுக்குப் போகும். பொய்யின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பள்ளியில் நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு 'வாய்மை' என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதச் சொல்கிறோம். இதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு.

வேலையை நாளைக்கே விடு என்று சொல்லமாட்டேன். தங்கையின் படிப்பும் உன் கடமைதான். ஷட்டர் இறக்கிய பிறகு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து முதலாளியிடம் பேசு. "அண்ணாச்சி, ரெண்டையும் தனித்தனியா வைப்போம். மலைப்பூண்டுக்கு ஒரு விலை, மற்றதுக்கு ஒரு விலை" என்று சொல். குறியீடு பெற்ற பெயரைப் பொய்யாக வைத்து விற்பது 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி சிறை வரை போகக்கூடிய குற்றம் என்பதையும் மரியாதையோடு காதில் போட்டு வை. பல பேருக்கு இது தெரியாது.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால், உன் வாயால் மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லாதே. "இது பூம்பாறையா?" என்று கேட்டால் உள்ளதைச் சொல். இதனால் வேலை போகலாம், அதை மறைக்கமாட்டேன். அதனால் இப்போதிருந்தே வேறு இடம் பார்த்து வை. ஏப்ரல், மே சீசனில் எல்லாக் கடைக்கும் ஆள் தேவைப்படும். ஒன்று மட்டும் எனக்குப் பயமாக இருக்கிறது: "முதலாளிதானே சொல்லச் சொன்னார்" என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லிக்கொள்ளப் பழகிவிடுவது. இந்த வயதில் அது பழகிவிட்டால், நாளைக்கு நீயே கடை வைக்கும்போது வேறொரு பையனிடம் இதையே சொல்லச் சொல்வாய்.

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்பு. தினமும் ஒரு நீதிக்கதை சொல்கிறேன். அது போதுமா?
- ஒரு தாய், பண்ணைக்காடு

பதில்: கதையை நிறுத்தவேண்டாம், ஆனால் போதாது அம்மா. உங்கள் பக்கம் காப்பித் தோட்டம் இருக்கும். பழம் எடுக்க ஆள் விடும்போது, சனி ஞாயிறில் சாயங்காலக் கூலியை அவன் கையால் எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அவனே நோட்டில் எழுதட்டும். பாக்கி வைத்தால், எப்போது தருவோம் என்பதையும் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து அவனே சொல்லட்டும்.