மணி பிளான்ட் இலையைக் குழந்தை கடித்துவிட்டால்?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. வரவேற்பறையில் இருந்த மணி பிளான்ட் இலையைக் கடித்து மென்றுவிட்டான். உடனே வீறிட்டு அழுதான். உதடு சிவந்து, எச்சில் ஒழுகியது. இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருக்க வேண்டும் என்கிறார் மாமியார். வீட்டில் பூனையும் இருக்கிறது. செடிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வாந்தி எடுக்க வைக்காததே நல்லது. மணி பிளான்ட், டைஃபன்பாக்கியா, பீஸ் லில்லி, ஃபிலோடெண்ட்ரான் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நுண்ணிய ஊசிகளாக இருக்கின்றன. மெல்லும்போது அவை நாக்கிலும் உதட்டிலும் குத்தி இறங்குகின்றன. எரிச்சல், வீக்கம், எச்சில் எல்லாம் அதனால்தான். வாந்தி எடுக்க வைத்தால் அதே படிகங்கள் தொண்டையை இன்னொரு முறை புண்ணாக்கும். உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வாயில் இருக்கும் துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முதல் கடியிலேயே வலிப்பதால் குழந்தைகள் அதிகம் விழுங்குவதில்லை. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். ஆனால் நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். டைஃபன்பாக்கியாவில் இது கூடுதலாக நடக்கலாம். சாறு கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டுக் கண்ணைக் காட்டுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது அரளிக்குத்தான். அதன் எல்லாப் பாகங்களிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு இருக்கிறது. தொட்டியில் அழகுக்கு வைக்கும் கலஞ்சோவும் அந்த ரகம்தான், வீரியம் குறைவென்றாலும். அரளியைத் தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. கையில் ஓர் இலையையோ, செல்போனில் ஒரு படத்தையோ எடுத்துப் போங்கள். பெயர் தெரியாத செடிக்கு வைத்தியம் பார்ப்பது எங்களுக்குப் பெரும்பாடு.

அப்புறம் பூனை. மணி பிளான்ட் அதற்கும் வாய் எரிச்சலைத்தான் தரும். ஆனால் பூங்கொத்தில் வரும் அசல் லில்லிப் பூ வேறு கதை. மகரந்தத்தை நக்கினாலோ, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலோகூடப் பூனையின் சிறுநீரகம் ஓரிரு நாளில் செயலிழந்துவிடலாம். சந்தேகம் வந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். (பீஸ் லில்லி பெயரில்தான் லில்லி, அதில் இந்தச் சிறுநீரக ஆபத்து இல்லை.) நாய் வைத்திருப்பவர்கள் சாகோ பாம் எனப்படும் சைகஸ் செடியைத் தவிர்ப்பது நல்லது. அதன் விதை கல்லீரலையே கெடுத்துவிடும்.

சரி, எல்லாச் செடியையும் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். மணி பிளான்ட்டைக் கூரையிலிருந்து தொங்கவிடுங்கள், கொடி கீழே இறங்காமல் கத்தரித்துவிடுங்கள். பூனை எங்கே வேண்டுமானாலும் ஏறும் என்பதால் லில்லியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மகனின் கை எட்டும் உயரத்தில் பச்சை வேண்டுமென்றால் ஸ்பைடர் பிளான்ட், அரிக்கா பாம் வைக்கலாம். இரண்டிலும் நச்சில்லை.