பருவத் தேர்வு மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் பார்க்குமா?

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியின் பருவத் தேர்வுகளில் அறுபது விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. கேட்டால், “இறுதித் தேர்வில் பார்த்துக்கொள்கிறேன், இதையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகமும் பார்க்காது” என்கிறாள். வெளிநாடுகளுக்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் உண்டு. அவள் சொல்வது சரிதானா?

பதில்: உங்கள் மகள் சொல்வது சில சேர்க்கை முறைகளுக்கு மட்டுமே பொருந்தும். பல்கலைக்கழகம் முடிவெடுக்கும் நாளில் மாணவரைப் பற்றி எந்தெந்த மதிப்பெண்கள் அதன் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே இதற்கான விடை அமைகிறது.

இந்தியாவின் நுழைவுத் தேர்வுகளை முதலில் பார்ப்போம். என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் ஜே.இ.இ. தரவரிசைதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆயினும் பொதுப்பிரிவினர் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும், அல்லது தம் தேர்வு வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் 76-க்கும் 96-க்கும் வேறுபாடில்லை. பருவத் தேர்வுத் தாளை இங்கே யாரும் கேட்பதில்லை. இந்த அளவில் உங்கள் மகளின் கணக்குச் சரிதான்.

பிரிட்டனில் அந்தக் கணக்குத் தவறிவிடும். அங்கே ஏ-லெவல் எனும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் ஆகஸ்டில்தான் வெளிவரும், விண்ணப்பமோ அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15 கடைசி நாள். அன்று இறுதி மதிப்பெண் எதுவும் இல்லாததால், மாணவர் என்ன தரம் பெறுவார் என்று பள்ளி கணித்துத் தரும் மதிப்பீட்டை வைத்தே பல்கலைக்கழகம், இன்ன தரம் வந்தால் இடம் உண்டு என்று நிபந்தனையோடு இடமளிக்கிறது. ஆசிரியர் எதை வைத்துக் கணிப்பார்? அவர் மேசையில் இருப்பவை உங்கள் மகள் பொருட்படுத்தாத அந்தத் தேர்வுத் தாள்கள்தாம். அறுபது விழுக்காட்டை வைத்துக்கொண்டு நேர்மையான ஆசிரியர் எவரும் ஏ தரம் எழுதித் தர மாட்டார். இறுதித் தேர்வில் அவள் ஏ வாங்கினாலும், அதற்குள் அந்த ஆண்டுக்கான நல்ல வாய்ப்புகள் பெரும்பாலும் கைநழுவியிருக்கும். 2020-இல் பெருந்தொற்றால் அங்கே தேர்வுகளே நடக்கவில்லை. இங்கிலாந்தில் கணினி வழிமுறையால் திருத்தி வெளியிட்ட தரங்கள் கடும் எதிர்ப்புக்குப் பின் ஆகஸ்ட் 17 அன்று கைவிடப்பட்டு, பள்ளிகள் மதிப்பிட்ட தரங்களே ஏற்கப்பட்டன. ‘இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருந்தவர்களுக்கு அவ்வாண்டு அந்த இறுதி வரவே இல்லை.

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான மதிப்பெண்கள் முழுவதும் பள்ளியிலிருந்து நேரே அனுப்பப்படுகின்றன. ஒன்பதில் கணிதத்தில் சி வாங்கி, பதினொன்றில் ஏ-க்கு ஏறியவரின் பட்டியலைச் சேர்க்கை அலுவலர் பரிவோடுதான் படிப்பார். இறங்குமுகம் அவ்வளவு எளிதில் மன்னிக்கப்படுவதில்லை. இடம் கிடைத்த பிறகு கடைசிப் பருவத்தில் மதிப்பெண் வெகுவாகச் சரிந்தால், அளித்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. ஜெர்மனியின் பள்ளி இறுதித் தகுதியான அபிடூரில் 900 புள்ளிகளில் 600 கடைசி இரண்டாண்டு வகுப்பு மதிப்பெண்களிலிருந்தே வருகின்றன. இறுதித் தேர்வுகளின் பங்கு 300தான்.

ஆகவே, எந்த நாடு, எந்தப் படிப்பு என்பதை இப்போதே ஓரளவு முடிவு செய்யுங்கள். பிறகு பள்ளியில் இரண்டு செய்திகளைக் கேட்டறியுங்கள்: வெளியே அனுப்பும் சான்றிதழில் பருவத் தேர்வு மதிப்பெண் அச்சாகுமா, தரத்தைக் கணிக்க எந்தத் தேர்வுகளை எடுத்துக்கொள்கிறார்கள்? மதிப்பெண் குறைந்ததற்கு நோய் போன்ற உண்மையான காரணம் இருந்தால், பரிந்துரைக் கடிதத்தில் அதைக் குறிப்பிடும்படி ஆசிரியரிடம் கேட்கலாம். வெறும் அலட்சியத்துக்கு அப்படி எழுதித் தரச் சொல்லாதீர்கள். பிரிட்டன் பட்டியலில் இருந்தால், பதினோராம் வகுப்பின் ஆண்டிறுதித் தேர்வுதான் அவளுக்கு உண்மையான கெடு. அதற்கு முன்பே பாட ஆசிரியர்களைச் சந்தித்து, இன்றைய நிலையில் என்ன தரம் கணிப்பீர்கள் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.