சுவர் ஈரம்: கசிவா, ஓதமா, வியர்வையா?

கேள்வி: ஹால் சுவர் ஈரமாகவே இருக்கிறது. மேல் வீட்டுக் கசிவா, தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதமா, வேறு ஏதாவதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

போன ஐப்பசியில் இதே சந்தேகத்தில் மேல் வீட்டுக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாவம் அவர்.

சென்னையில் இரண்டாவது மாடி வீடு எங்களுடையது. ஹாலில் புத்தக அலமாரியை நகர்த்தினால் பின்னால் சுவரெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். தொட்டால் சில்லென்று ஈரம். மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, “மேல பாத்ரூம் டைல்ஸை உடைச்சாத்தான் சார் தெரியும்” என்றார். நானும் அதை நம்பி மாடியேறினேன்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. காலை ஆறு மணிக்குத் துடைத்தால் துணி நனைகிறது. மத்தியானம் சுவர் காய்ந்துகிடக்கிறது. குழாய்க் கசிவு இப்படி நேரம் பார்த்து வராது. சுவருக்கு அந்தப் பக்கம் பையனின் அறை. ராத்திரி முழுக்க ஏசி 18-இல், காற்று நேராக அந்தச் சுவரில் அடிக்கிறது. நாலரை இஞ்ச் சுவர்தானே, குளிர் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. ஹாலில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீர் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளிப்பக்கம் வியர்க்குமே, அதே கதை. அலமாரி வேறு அடைத்துக்கொண்டிருந்ததால் ஹாலின் சூடு அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

உறுதி செய்ய, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஓர் அடிக்கு வெட்டி, காய்ந்திருக்கும் நேரத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டினேன். ஏசி வழக்கம்போல ஓடட்டும், இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. உள்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து. எங்களுக்கு வெளிப்பக்கம்.

இன்னொரு அடையாளம் உப்பு. காற்றிலிருந்து படியும் நீரில் உப்பு கிடையாது. பெயிண்ட் கொப்பளித்து, வெள்ளை மாவுபோல் உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் செங்கலையும் காரையையும் கடந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். தரைத்தள வீட்டில் அது அடியிலிருந்து மூன்றடி உயரம்வரை கோடு கட்டியதுபோல் இருந்தால் ஓதம். மழை பெய்தால் மட்டும் விரிகிற கறை என்றால் மொட்டை மாடியையோ வெளிச்சுவர் விரிசலையோ பாருங்கள்.

ஆங்கில வீடியோக்களில் ‘ஜன்னலைத் திறந்து வையுங்கள்’ என்பார்கள். அது குளிர் நாட்டுக்குச் சரி. நம் ஊர் மழைக்காலத்தில் திறந்தால் உள்ளே வருவதே ஈரக் காற்றுதான்.

இப்போது ஏசி 25-இல் ஓடுகிறது, காற்று மேலே பார்த்து வீசுகிறது, அலமாரி சுவரைவிட்டு நாலு விரற்கடை தள்ளி நிற்கிறது. ஹால் சுவர் காய்ந்துவிட்டது. தீபாவளிக்கு முறுக்கோடு மேல் வீட்டுக்குப் போய்வந்தேன். ஆனால் வாஷ்பேசினுக்குக் கீழே உப்புப் பூத்திருக்கிறது. அது நிஜமான கசிவு, எங்கள் குழாய்தான். பிளம்பர் இன்னும் வந்தபாடில்லை.