கம்ப்யூட்டர் எடுக்குற முடிவு மனுஷன் எடுக்குறதை விட நியாயமா இருக்குமா?

மெஷினுக்கு வேண்டியவன் வேண்டாதவன்னு யாரும் கிடையாது, அப்போ அது ஆள் எடுத்தா நியாயமாத்தானே இருக்கும்னு கேட்டிருக்கீங்க. நிறைய பேர் இப்படி நம்புறாங்க, எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க.

மெஷின், மனுஷங்க ஏற்கனவே எடுத்த முடிவுகளைப் பாத்துத்தான் கத்துக்குது. அமேசான்ல 2014 வாக்குல ரெஸ்யூமுக்கு ரேட்டிங் போட ஒரு சாஃப்ட்வேர் உருவாக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கு 10 வருஷத்து பழைய ரெஸ்யூமைக் குடுத்துப் பழக்குனாங்க, அதுல பெரும்பாலும் ஆம்பளைங்க, கடைசியில "பெண்கள் செஸ் கிளப் கேப்டன்" மாதிரி ஒரு வரி இருந்தாலே ரேட்டிங்கை குறைச்சிடுச்சு. யோசிச்சுப் பாருங்க, கேப்டனா இருந்தது ஒரு தப்பா? சரிபண்ணப் பாத்தாங்க, ஆனா வேற ரூபத்துல ஓரவஞ்சனை வராதுன்னு உறுதியா சொல்ல முடியல, ப்ராஜெக்டையே மூடிட்டாங்க. 2018-ல ராய்ட்டர்ஸ் செய்தி போட்டப்புறம் தான் வெளிய தெரிஞ்சுது.

அதே வருஷம் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ருன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், முகத்தைப் பாத்து ஆணா பெண்ணான்னு சொல்ற 3 சாஃப்ட்வேரை சோதிச்சாங்க. வெள்ளைத் தோல் ஆண்கள் விஷயத்துல தப்பு அதிகபட்சம் 0.8 சதவீதம், கருப்புத் தோல் பெண்கள்னா 34.7 வரைக்கும் போச்சு.

மனுஷன் ஓரவஞ்சனை பண்ணா ஏன்யா இப்படின்னு நேர்ல கேக்கலாம். மெஷின் ரிஜெக்ட் பண்ணா "சிஸ்டம் எடுக்கல"ன்னு சொல்லி கைய விரிச்சிடுறாங்க, எனக்கு கோவம் வர்றது அங்கதான். ஐரோப்பாவுல 2018 மே மாசத்துலேர்ந்து அமல்ல இருக்குற ஜிடிபிஆர்ங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தோட 22-வது பிரிவுல, மெஷின் மட்டுமே எடுத்த முக்கியமான முடிவை எதுத்துக் கேக்கவும், ஒரு மனுஷன் திரும்பப் பாக்கணும்னு கேக்கவும் உரிமை இருக்கு, இந்த உரிமை எல்லா நாட்டுலயும் வரணும்.