பார்க்காமல் எழுதிய எண்

கேள்வி: ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஏ.ஓ.சி.பி. (இரசாயன ஆலை ஆபரேட்டர் பயிற்சி) படித்துவிட்டு, கடலூர் சிப்காட்டில் ஓர் இரசாயன ஆலையில் நான்கு ஆண்டுகளாக ஒப்பந்த ஆபரேட்டராக இருக்கிறேன். கைக்கு வருவது 17,000 ரூபாய். இரவு ஷிப்டில் எல்லோரையும் போல நானும் உட்கார்ந்த இடத்திலேயே லாக் ஷீட்டை, அதாவது மானிகளின் அளவுகளைக் குறிக்கும் தாளை, நிரப்பிவிடுவேன். வேலை கடினமில்லை, சம்பளம்தான் போதவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் உண்டு; அப்பா இன்னும் இரவில் மடை பார்க்கப் போகிறார். நிலத்தை அடகு வைத்து வளைகுடாவுக்குப் போகலாமா?

பதில்: தம்பி, உங்கள் சம்பளத்தைவிட அந்த லாக் ஷீட்தான் என்னை உறுத்துகிறது. ரியாக்டர் என்னும் வேதிவினைக் கலன் அருகே சென்று அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கண்ணால் பார்த்துக் குறிப்பதற்காகவே அந்தத் தாள் இருக்கிறது. பார்க்காமல் எழுதிய எண் பொய். 1984 டிசம்பர் 2 இரவு, விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட போபால் ஆலையில் ஒரு தொட்டியின் அழுத்தம் ஷிப்ட் மாறும் வேளையில் 2இலிருந்து 10 பி.எஸ்.ஐ.க்கு ஏறியிருந்தது, கோளாறான மானிகளைப் பார்த்தே பழகியிருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெருங்குற்றம் நிர்வாகத்துடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் உங்கள் சிப்காட்டை ஒட்டிய ஊர்களான குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் பிள்ளைகளோடு உறங்குகிறவர்கள் உங்கள் நிர்வாகத்தை மட்டுமல்ல, உங்களையும் நம்பித்தான் உறங்குகிறார்கள். உங்கள் அப்பா திண்ணையில் படுத்துக்கொண்டே ‘தண்ணீர் பாய்ந்திருக்கும்’ என்று ஒரு நாளாவது சொன்னதுண்டா? அவர் பிள்ளை இப்படிச் செய்வது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொழிலில் எதிர்காலம் உண்டு. களத்தில் நிற்பவர், கட்டுப்பாட்டு அறைத் திரையிலிருந்து ஆலையை இயக்கும் பேனல் ஆபரேட்டராகி, பின்பு ஷிப்ட் பொறுப்புக்கு வரலாம். ஆனால் திரையில் தெரியும் எண் எந்த வால்விலிருந்து, எந்தப் பம்பிலிருந்து வருகிறது என்பதை நடந்து பார்க்காதவரைப் பேனலில் யார் உட்கார வைப்பார்கள்? வளைகுடா நேர்முகத் தேர்வில் உங்கள் ஆலையை நிறுத்தும் முறையை வரிசையாகச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? உங்கள் ஆலையில் பாய்லர் இருந்தால் அந்தப் பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். உரிய அனுபவம் சேர்ந்ததும் பாய்லர் அட்டெண்டன்ட் தேர்வு எழுதுங்கள். அந்த அரசுச் சான்றிதழ் ஒப்பந்தக்காரர் மாறினாலும் உங்களிடமே இருக்கும்.

மாற்றாள் வராமல் கூடுதலாக நிற்கும் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் உண்டு. அது வருகிறதா, பி.எஃப். பாஸ்புக்கில் மாதந்தோறும் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். சம்பளம் குறைவு என்பது பொய் எழுதுவதற்கு உரிமையாகாது.

இன்றிரவு எழுந்து நடங்கள். உடனிருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஓராண்டு அப்படி நடந்த பின் வளைகுடாவைப் பற்றி மறுபடி எழுதுங்கள். அதுவரை அப்பாவின் நிலத்தை அடகு வைக்கும் பேச்சை அந்த வீட்டில் எடுக்கவே கூடாது.