கணவருக்குப் பாலியல் அடிமைத்தனம்: மனைவி யாரிடம் ஆலோசனைக்குப் போவது?

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு குழந்தைகள். நான்கு மாதங்களுக்கு முன் கணவரின் ஜிபேயைப் பார்த்தபோது, நள்ளிரவு நேரங்களில் 300, 500 என்று முன்பின் தெரியாத பெயர்களுக்குப் பணம் போயிருந்தது. முதலில் மறுத்தார். அப்புறம் வீடியோ காலில் பேசுவதற்கு என்றார். ஒரு மாதம் கழித்து, சிலமுறை நேரிலும் போனதாக ஒப்புக்கொண்டார். 'விட நினைக்கிறேன், முடியவில்லை' என்று அழுகிறார். மனநல மருத்துவரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். எனக்குத்தான் தூக்கமே இல்லை. மாமியாரின் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறேன். தோழி சொன்ன கவுன்சலரிடம் போனால், 'வீட்டில் கொஞ்சம் நன்றாக உடுத்திக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்' என்றார். நல்ல ஆலோசகர் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அந்தக் கவுன்சலரிடம் மறுபடி போகாதீர்கள். நீங்கள் என்ன உடுத்தினீர்கள் என்பதற்கும் உங்கள் கணவரின் நடத்தைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பாலியல் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமல் தவிக்கும் இந்த நிலையை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பட்டியல், ஆறு மாதமோ அதற்கு மேலோ திரும்பத் திரும்பக் கட்டுப்பாடு இழப்பது, அதனால் குடும்பமும் வேலையும் கெடுவது, விட முயன்று தோற்பது ஆகியவற்றைத்தான் அடையாளங்களாகச் சொல்கிறது. மனைவியின் அழகு, சமையல், கோபம் எதற்கும் அதில் இடமில்லை. ஆனால், மனைவிக்குத் தெரியாமல் வேறு உறவு வைத்த எல்லோருக்கும் இந்த நோய் என்று முத்திரை குத்திவிடவும் முடியாது. உங்கள் கணவருக்கு இருப்பது இதுதானா, அல்லது உற்சாகம் அளவுமீறிப் பெருகும் மனஎழுச்சி நோயோ, நடுக்குவாதத்துக்கு (பார்க்கின்சன்) தரும் சில மாத்திரைகளின் பக்க விளைவோ என்று பார்ப்பது அவருடைய மருத்துவரின் வேலை. அதை நீங்கள் சுமக்க வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது, உங்களுக்கென்றே ஒருவர். கணவரைப் பார்க்கும் அதே மருத்துவரிடம் நீங்களும் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருடைய ரகசியம் ஒரு காதிலும் உங்கள் கேள்வி மறு காதிலும் இருந்தால் அந்த மருத்துவரால் இருவருக்கும் நேர்மையாக இருப்பது கடினம். தம்பதியாகச் சேர்ந்து உட்காரும் ஆலோசனை பிறகு வரலாம். வீட்டில் அடியோ மிரட்டலோ உங்கள் விருப்பத்துக்கு மாறான உறவோ இருந்தால் தம்பதி ஆலோசனை இப்போது வேண்டவே வேண்டாம். முதல் சந்திப்பிலேயே அதை ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள்.

தகுதியை முதலில் பாருங்கள். நம் ஊரில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தவர்கூட 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்றால் அப்படி முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் கோபப்படாமல் சொல்ல வேண்டும், கவுன்சிலின் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். பாலியல் அடிமைத்தனத்துக்கென்று வெளிநாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் உண்டு. அடிப்படைத் தகுதிக்கு மேல் அது இருந்தால் நல்லது, அதுவே தகுதி ஆகிவிடாது. பேருந்து நிலையச் சுவரில் போஸ்டர் ஒட்டி, லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் பரம்பரை வைத்தியர்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பதிவு எண் உள்ளவர்களிலும் எல்லோரும் இதற்குப் பொருந்துவதில்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே பத்து நிமிடம் போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். 'என் கணவருக்கு இப்படி ஒரு பிரச்னை. எனக்காகத்தான் வருகிறேன். இப்படிப்பட்ட மனைவிமார்களைப் பார்த்திருக்கிறீர்களா, முதல் சில வாரம் என்ன செய்வீர்கள்?' இவ்வளவு போதும். 'முதலில் நீங்கள் தூங்க வேண்டும், உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்போம், முடிவுகளை அப்புறம் பேசலாம்' என்பது போலப் பதில் வந்தால் போய்ப் பாருங்கள். 'ஆண்கள் அப்படித்தான்', 'குழந்தைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்', 'உடனே விவாகரத்து வாங்குங்கள்' என்று உங்கள் வாழ்க்கையைப் போனிலேயே முடிவுசெய்பவர்கள் வேண்டாம். கணவரை ஒருமுறைகூடப் பார்க்காமல் அவருக்கு நோய்ப் பெயர் சூட்டுபவரும் வேண்டாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கு வகுத்த பழைய முறையை அப்படியே எடுத்துவந்து, மனைவியையும் 'சார்ந்து நோயுற்றவர்', அதாவது கணவரின் நோயோடு சேர்ந்து தானும் நோயாளி ஆனவர் என்று பார்க்கும் ஆலோசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கணவரின் போனைத் திறந்து பார்ப்பது, மெசேஜ் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடப்பது, இதையெல்லாம் சந்தேக வியாதி என்பார்கள். என் பார்வையில் அது நம்பிக்கை உடைந்ததால் வந்த அதிர்ச்சியின் விளைவு. நல்ல ஆலோசகர் அதைக் குற்றம் சொல்லாமல், மெல்ல மெல்ல அந்தப் போனைக் கீழே வைக்க உங்களுக்குத் துணை இருப்பார்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது, அவர் முதலில் மறுத்துவிட்டு, பிறகு இரண்டு தவணையாக உண்மையைச் சொன்ன விதம். ஒவ்வொரு தவணையும் உங்களை மறுபடி முதல் நாளுக்கே தள்ளியிருக்கும். இதைக் கையாளத் தெரிந்தவரா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். பொறுப்பான முறை இதுதான்: கணவர் தன் மருத்துவருடன் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதித் தயார்செய்வார். உங்களுக்கு எது தெரிய வேண்டும் என்பதை நீங்கள் உங்கள் ஆலோசகருடன் முடிவுசெய்வீர்கள். பிறகு அவர்கள் முன்னிலையில், ஒரே அமர்வில், முழுதாகச் சொல்லப்படும். எவ்வளவு பணம் போனது, கடன் உண்டா, தெரிந்தவர்கள் யாராவது சம்பந்தப்பட்டார்களா, ஆணுறை இல்லாமல் நடந்ததா என்பதெல்லாம் நீங்கள் அறிய வேண்டியவை. அறைக்குள் நடந்தவற்றின் வர்ணனையைக் கேட்டால் அது பல வருடம் கண்முன் நிற்கும். கேட்கும் முன் யோசியுங்கள். இதையெல்லாம் இந்த வாரமே நடத்த வேண்டும் என்று அவசரப்படுத்துபவரையும், 'பழசைக் கிளறாதீர்கள்' என்பவரையும் நான் நம்ப மாட்டேன்.

ரத்தப் பரிசோதனை பற்றி முதல் சந்திப்பிலேயே ஆலோசகர் கேட்டிருக்க வேண்டும். எச்ஐவி, சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கு இருவரும் இப்போதே பரிசோதியுங்கள். அவர் கடைசியாக வெளியே போன நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு முறை. அதுவரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம். எச்ஐவி பரிசோதனை அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம். விவரம் வெளியே போகாது.

செலவு தடையாக இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கினால் அன்றைக்கே பேசுங்கள். ஆலோசகரிடம் போவதைக் கணவரிடம் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்கள் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தைக் காக்கிறது. கணவர் கேட்டார் என்பதற்காக மட்டும் அவற்றை எடுத்துக் கொடுக்க முடியாது. மூன்று, நான்கு சந்திப்புக்குப் பிறகும் அங்கே பேசுவதெல்லாம் கணவரைப் பற்றியே இருந்தால், ஆலோசகரை மாற்றத் தயங்காதீர்கள்.

மாமியாரின் அந்தத் தூக்க மாத்திரையின் அட்டையை போனில் படம் எடுத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். வாரக்கணக்கில் தினமும் போட்டுவருகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்த வேண்டாம். சில தூக்க மாத்திரைகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.